அடி போய்ச் சேர்ந்த இடம்

“என் தப்பா, இல்லையா? அதை மட்டும் சொல்லு அம்மிணி. நான் போயிர்றேன்.”

நஞ்சப்பன் இதைச் சொல்லிவிட்டு, தோளில் தூக்கிவந்த சாக்கை மேசைமேல் இறக்கினான்.

வசந்தாமணி சாக்கைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்தாள்.

அவளுக்குக் காது கேட்காது. பதினைந்து வயதில் நூல்மில்லுக்குப் போனவள். இருபது வருஷம் மெஷின் இரைச்சலில் நின்றதில் காது போயிற்று. பிறகு மில்லும் போயிற்று. அங்கே அவள் கற்றுக்கொண்டது, மெஷின் தண்டு சுழலத் தாங்கும் பேரிங்குகளைக் கழற்றி மாட்டும் வேலை. மில் சாமான்களை ஏலம் விட்டபோது பேரிங்கை அழுத்தி இறக்குகிற ஒரு பிரஸ்ஸை எடுத்துவந்து, பல்லடத்துக்குக் கிழக்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஓடுகிற காரில் உறுமல் கேட்கும், எந்தச் சக்கரம் என்று பிடிபடாது. அப்படிப்பட்ட வண்டிகளெல்லாம் அவளிடம்தான் போகும். காது கேட்காதவளிடம் சத்தத்தைக் காட்டப் போகிறார்களாம் என்று முதலில் சிரித்த மெக்கானிக்குகள், பின்னால் ஒவ்வொருவராக வண்டியோடு வந்து நின்றார்கள்.

நஞ்சப்பனும் சிரித்தவன்தான். அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். தாராபுரத்தில் இருபத்தைந்து வருஷமாகச் சொந்த ஒர்க்‌ஷாப்.

“சாக்குல என்னங்ணா?”

“ஒரு காரோட இடது முன்சக்கர பேரிங். நான் மாட்டுனது.”

“காரு?”

“பழைய இரும்புக்குப் போயிருச்சு.”

“ஓட்டுனவங்க?”

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். குனிந்ததில் அவளுக்கு வாய் தெரியவில்லை. மேசையை ஒரு தட்டுத் தட்டினாள்.

அவன் நிமிர்ந்தான். அதையே இன்னொரு முறை சொல்லவேண்டி வந்தது.

“ஓட்டுனவன் இருக்கறான். அவன் புள்ளை போயிருச்சு.”

*

நடந்தது இதுதான்.

தாராபுரத்தில் நூல் கமிஷன் வியாபாரம் செய்பவன் ஈஸ்வரமூர்த்தி. மனைவி கோகிலா. ஒரே மகள் யாழினி, பதினோரு வயது. காரின் முன்பக்கம் உறுமுகிறது என்று ஈஸ்வரமூர்த்தி வண்டியைக் கொண்டுவந்து விட்டான். நஞ்சப்பன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். இடது என்றான். இடது பேரிங்கை மாற்றிக் கொடுத்தான்.

மூன்று மாதம் கழித்து, உடுமலை ரோட்டில் அந்தச் சக்கரம் இறுகி, கார் புளியமரத்தில் போய் மோதிற்று. இடதுபக்கம் நசுங்கியது. யாழினி முன்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் அதிவேகம் என்று எழுதிக்கொண்டது. ஈஸ்வரமூர்த்தி மறுக்கவில்லை. கண் அசந்திருப்பேன் என்று அவனாகவே சேர்த்துச் சொன்னான்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தான். நஞ்சப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க வேலைல ஒரு குறையுமில்லீங்ணா. நான்தான் பாவி.”

கோகிலா அன்றிலிருந்து புருஷனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஊர் சொன்னது. பெற்ற பிள்ளையைக் கொன்றவனிடம் யார்தான் பேசுவார்கள் என்று பதிலையும் ஊரே சொல்லிக்கொண்டது. ஊருக்கு அதில் என்ன கஷ்டம்.

ஒருநாள் வேறு ஏதோ சாமான் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போன நஞ்சப்பன், அந்தக் காரைப் பார்த்தான். இடது முன்சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் இரும்பு வெந்து நீலம் பாரித்திருந்தது. மரத்தில் மோதினால் இரும்பு வளையும், உடையும். வேகாது.

அந்த பேரிங்கை மட்டும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தான். எட்டு மாதம் ஒர்க்‌ஷாப் மூலையில் வைத்திருந்தான். கடைசியில் முழங்கால் வலி என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பையே பூட்டினான்.

*

“எட்டு மாசமா இதைப் பிரிச்சே பாக்கலையாக்கும்?” என்றாள் வசந்தாமணி.

“பயமா இருந்துது அம்மிணி.”

“நான் பாத்துச் சொன்னா நம்பமாட்டீங்க.”

“நம்பறேன். சொல்லு.”

“தப்பில்லைன்னு சொன்னா ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைப்பீங்க. தப்புன்னு சொன்னா காது கேக்காதவளுக்கு என்ன தெரியும்னு நினைப்பீங்க.”

அவள் சாக்கை எடுத்து மூலையில் வைத்தாள்.

“கொஞ்ச நாள் இங்க இருந்து வேலை செய்யுங்க. அப்பறம் நீங்களே பிரிங்க.”

“நான் என்ன வேலை தெரியாதவனா?”

அவள் ஒரு கார்ச் சாவியை அவன் பக்கம் வீசினாள்.

காங்கயத்துக்காரர் ஒருவரின் வெள்ளைக் கார். நாற்பதைத் தாண்டினால் உறுமியது. நஞ்சப்பன் பொங்கலூர்வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டான், ஏற்றிவிட்டுக் கேட்டான்.

“வலது. சந்தேகமே இல்லை.”

அவள் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாள். ஒரு கையால் வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களைச் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங்கில் வைத்தாள். பிறகு அவன் கையை இழுத்து அங்கே வைத்தாள்.

ஸ்பிரிங் சும்மா இருந்தது.

இடதுபக்கம் போனார்கள். சக்கரம் சுற்றியது. ஸ்பிரிங் அவன் விரலுக்கடியில் நடுங்கியது, தூங்கும் பூனையின் வயிற்றில் கைவைத்ததுபோல.

அவன் மறுபடி வலதுபக்கம் போய்த் தொட்டுப் பார்த்தான். மறுபடி இடதுபக்கம் வந்தான்.

“எனக்கு வலதுலதானே கேட்டுது.”

“காரு பூராவும் தகரம். சத்தம் எங்க வேணாலும் ஓடிப்போய் நின்னுக்கும்.”

“அப்ப நான் இத்தனை வருஷமா…”

அவள் ஸ்பானர் எடுக்கப் போய்விட்டாள்.

நஞ்சப்பன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். ஈஸ்வரமூர்த்தியின் காரையும் அவன் காதால்தான் பார்த்தான். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. அன்றைக்கு உறுமியது வலது சக்கரமாக இருந்தால்? இடது பேரிங் நல்ல பேரிங்காக இருந்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டியிருந்தால்?

இதை எங்கே போய்த் தெரிந்துகொள்வது. எறிந்த பேரிங் எறிந்ததுதான்.

*

ஒரு மாதம் அவள் அவனுக்குக் கழற்றுகிற வேலையும் கழுவுகிற வேலையும்தான் கொடுத்தாள்.

தாராபுரத்தில் நாலு பேரை வைத்து வேலை வாங்கியவன், பல்லடத்தில் மண்ணெண்ணெயில் கை ஊற உட்கார்ந்திருந்தான். ரோஷம் வந்தது. சாக்கைப் பார்த்தால் ரோஷம் போய்விடும்.

ஆடிக் காற்று கொட்டகையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அவள் ஒரு புது பேரிங்கை அவன்முன் வைத்தாள். பக்கத்தில், பேரிங் உட்காருகிற பழைய இரும்புக்கூடு ஒன்றையும், சக்கரத்தைத் தாங்குகிற ஹப் ஒன்றையும் வைத்தாள்.

“மாட்டுங்க. உங்க ஒர்க்‌ஷாப்புல எப்படி மாட்டுவீங்களோ அப்படி.”

அவனுக்கு உற்சாகமாகிவிட்டது. கூட்டைத் துடைத்தான். பேரிங்கின் வெளிவளையத்தைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, கூட்டுக்குள் கோணாமல் இறக்கினான். அவள் தலையசைத்தாள்.

அடுத்தது ஹப். அதன் தண்டு பேரிங்கின் உள்வளையத்துக்குள் இறங்கவேண்டும். நஞ்சப்பன் கூட்டை இரண்டு மரக்கட்டைகள்மேல் படுக்கவைத்தான். ஹப்பை மேலே வைத்துச் சுத்தியலை எடுத்தான். மூன்றே அடி. கச்சிதமாக உட்கார்ந்தது. இருபத்தைந்து வருஷத்துக் கை.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

“சரிங்களா?” என்றான். ‘வா, போ’ என்று பேசுகிறவன் அன்றைக்குத் தன்னையறியாமல் மரியாதையில் இறங்கியிருந்தான்.

“அறுங்க.”

“என்னது?”

“அறுத்துப் பிரிங்க.”

“புதுசு அம்மிணி.”

அவள் கட்டிங் மெஷினை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அறுத்தான். வளையம் இரண்டாகத் திறந்துகொண்டது. கிரீஸைத் துடைத்தான். குண்டுகள் ஓடுகிற பாதை முகம் பார்க்கலாம்போலப் பளபளத்தது.

“ஒண்ணுமில்லையே.”

“நகத்தை ஓட்டுங்க.”

கட்டைவிரல் நகத்தைப் பாதையில் வைத்து இழுத்தான். தடுக்கியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி தடுக்கியது. அதே அளவு தூரத்தில் இன்னொன்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஒவ்வொரு குண்டும் நின்றிருந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம், பணியாரச் சட்டிக் குழிபோல இடைவெளி மாறாமல்.

“இது இன்னும் ஒரு சுத்துக்கூடச் சுத்தலை,” என்றாள் வசந்தாமணி.

அவன் நகத்தை மறுபடி ஓட்டினான்.

“தண்டு இறங்கறது உள்வளையத்துல. அடியில தாங்கல் குடுக்கவேண்டியது உள்வளையத்துக்கு. நீங்க வெளிக்கூட்டைக் கட்டைமேல வெச்சு உள்ள அடிச்சீங்க. அந்த அடி எங்க போச்சு?”

“நடுவுல இருக்கற குண்டுக்கு.”

“அது என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலை. அது பாட்டுக்கு நடுவுல இருந்துது.”

“ம்.”

அவள் போய்க் கை கழுவினாள்.

நஞ்சப்பன் அந்தப் பாதி வளையத்தை மேசைமேல் வைத்தான். பிறகு எழுந்துபோய்ச் சாக்கைத் தானே அவிழ்த்தான்.

அந்த பேரிங்கில் குண்டுகள் இரண்டு வரிசை. ஒரு வரிசை உருகிக் கரியாகிப்போயிருந்தது. அதில் படிக்க எதுவுமில்லை. இன்னொரு வரிசை தப்பியிருந்தது. அதை மண்ணெண்ணெயில் கழுவினான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. நின்ற இடத்திலேயே நகத்தை ஓட்டினான்.

தடுக்கியது.

இன்னும் கொஞ்சம் ஓட்டினான். அதே தூரத்தில் தடுக்கியது.

அழுகை வரும் என்றுதான் இத்தனை மாதமாக நினைத்திருந்தான். வரவில்லை. வேலியோரம் போய் வாந்தி எடுத்தான். அந்த மூன்று அடியும் ஞாபகத்துக்கு வந்தது. நல்ல வேலை செய்தோம் என்று அன்றைக்கு ஒரு டீ குடித்தான். அதுவும் ஞாபகத்துக்கு வந்தது.

*

மறுநாள் காலையில் வசந்தாமணி பிரஸ்ஸில் வேலையாக இருந்தாள். நஞ்சப்பன் எதிரே வந்து நின்றான். அவள் நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தாள்.

“பழனிக்கு நடந்தே போய் மொட்டை போடப்போறேன் அம்மிணி.”

அவள் முகத்தைத் திருப்பி வேலையைப் பார்த்தாள்.

அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

“புள்ளை படிச்ச பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் அவ பேருல சாப்பாடு போடறேன். யாருன்னு சொல்லிக்கமாட்டேன்.”

அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இனி ஆயுசுக்கும் சுத்தியலைத் தொடமாட்டேன். நான் மாட்டுன வண்டியெல்லாம் தேடிப்போய்ப் பிரிச்சு, புதுசா மாட்டிக் குடுத்துர்றேன்.”

“அதைக் கட்டாயம் பண்ணோணும்,” என்றாள். “தாராபுரத்துல இன்னும் எத்தனை புள்ளைங்க முன்சீட்டுல உக்காந்து போகுதோ.” சொல்லிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள்.

அவள் முதுகுதான் அவனுக்குத் தெரிந்தது. நஞ்சப்பன் அந்த முதுகிடம் பேச ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை. காதால் கேட்டு இடது என்று சொன்னதைச் சொன்னான். கட்டைமேல் வைத்து அடித்ததைச் சொன்னான். ஈஸ்வரமூர்த்தி கையைப் பிடித்து அழுதபோது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்ததையும் சொன்னான். எல்லாவற்றையும் கோர்வையாக, தடங்கலில்லாமல் சொல்லி முடித்தான். நெஞ்சு லேசாகிவிட்டதுபோல இருந்தது.

அவள் திரும்பவில்லை. பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தாள். கடக் என்று வளையம் உட்கார்ந்தது.

அவள் காதில் ஒரு சொல்கூட விழவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்த தாராபுரம் பஸ்ஸில் ஏறினான். சாக்கு மடியில் இருந்தது.

*

ஈஸ்வரமூர்த்தி வீட்டு வாசலில் கார் நிற்கிற இடம் கழுவிவிட்டதுபோலக் காலியாக இருந்தது. காலை பத்து மணி. அவன் பனியனோடு வெளியே வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். தாடி நரைத்திருந்தது. நாற்பது வயதுதான் அவனுக்கு.

“வாங்ணா. முழங்கால் தேவலாமா?”

அந்தக் கேள்விதான் நஞ்சப்பனைக் கொன்றது.

“தம்பி, நீ கண் அசரலை,” என்றான். “சக்கரம் இறுகிப்போச்சு. நான் மாட்டுனதுல தப்பு. நீ புள்ளையைக் கொல்லலை. நான்தான்.”

சாக்கை அவிழ்த்துக் காட்டினான். நகத்தை எங்கே ஓட்டவேண்டும் என்று சொன்னான். ஈஸ்வரமூர்த்தி ஓட்டினான். தடுக்கிய இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அடிப்பான் என்று நஞ்சப்பன் எதிர்பார்த்தே வந்திருந்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸிலேயே மனதைத் தயார் செய்திருந்தான்.

ஈஸ்வரமூர்த்தி அடிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“எங்கிட்ட எதுக்குங்ணா சொல்றீங்க,” என்றான். “அவ உள்ள இருக்கறா. அவகிட்டச் சொல்லுங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு நஞ்சப்பன் உள்ளே போனான்.

கோகிலா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். வாசல்படியில் ஈஸ்வரமூர்த்தி வந்து நின்றான்.

நஞ்சப்பன் முதலிலிருந்து சொன்னான். இந்த முறை கோர்வையாக வரவில்லை. மூன்று முறை நின்றுபோயிற்று. மூன்று முறையும் திரும்பத் தொடங்கினான்.

வசந்தாமணியின் முதுகிடம்கூடச் சொல்லாத ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொன்னான்.

“மாட்டி இருவது நாள்ல தம்பி போன் பண்ணுச்சு. உறுமல் இன்னும் இருக்குதுன்னு. நான் வேற காருக்கு அடியில படுத்துட்டிருந்தேன். எந்திரிக்கச் சோம்பல். புது பேரிங் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் செட்டாயிரும்னு சொல்லிப்போட்டேன்.”

கோகிலாவின் கை நின்றது.

“தம்பிமேல ஒரு தப்பும் இல்லை கண்ணு,” என்றான் நஞ்சப்பன். “என்னை என்ன வேணாலும் பண்ணு. தம்பிகிட்ட மட்டும் பேசு.”

“அவருமேல தப்புன்னு நான் எப்பங்க சொன்னேன்.”

ஒன்பது மாதத்துக்குமேல் பேசாத குரல். பாதி காற்றுதான் வந்தது. வாசல்படியில் ஈஸ்வரமூர்த்தி அசையாமல் நின்றான்.

அவள் மடித்த துணியைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். புருஷன் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“உடுமலை போறதுக்கு மொத நாள் பாப்பா எங்கிட்டச் சொன்னாளுங்க. ‘கால்கிட்ட ரொம்ப நடுங்குதும்மா, அப்பாகிட்டச் சொல்லும்மா’ன்னு.”

“செட்டாயிரும் கண்ணுன்னு நானும் பாப்பாகிட்டச் சொல்லிப்போட்டேன். அவருகிட்டச் சொல்லவே இல்லீங்க.”